டாக்சி டிரைவருக்குக் கட்டுப்படியாகும் இன்சூரன்ஸ்: நியூஜெர்சியில் நாளுக்கு ஒரு டாலர், சேலத்தில் எவ்வளவு?

ஓமலூர் வாசகர் கேட்டது, 2025 ஜூலை 6

அக்கா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே வருமானம் குறைந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு டாலரில் கார் இன்சூரன்ஸ் கொடுக்கிறார்களாம். இங்கே என் பழைய டாக்சிக்கு வெறும் தேர்ட் பார்ட்டிக்கே, அதாவது எதிராளிக்கான கட்டாய இன்சூரன்ஸுக்கே, பதினாலாயிரம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஐயா அதே மாடல் காருக்கு நாலாயிரம் கட்டுகிறார். அவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், நான் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன். யாரிடம் அதிகம் வாங்க வேண்டும்? ரேஷன் கார்டைப் பார்த்து இன்சூரன்ஸ் போட்டால் என்ன?

ஜூலை 6, இரவு

நானும் டாக்சி ஓட்டுகிறவன்தான். பதினாலாயிரம் என்றதும் ஏஜென்ட் மேல் பாய வேண்டாம். தேர்ட் பார்ட்டி ரேட் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒன்றுதான், மத்திய அரசு அறிவிப்பது. 2022 ஜூன் 1-ல் வந்த ரேட்தான் 2025 ஜூலையிலும் ஓடுகிறது. 1000 சி.சி.க்கு மேல் 1500 வரை உள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். அதே இன்ஜின் மஞ்சள் போர்டில் ஓடினால் 7,940. அதற்கு மேல் பயணி ஒருவருக்கு 978 வீதம் நாலு பேருக்கு 3,912. ஆக 11,852. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 13,985. மேனேஜர் ஐயா ஜி.எஸ்.டி.யோடு கட்டுவது 4,031. இரண்டு பேருக்கும் கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அது நியாயமா என்பது வேறு பேச்சு.

பேரம் பேச இடம் இருப்பது சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில் மட்டும். 2007-ல் அதற்கான கட்டுப்பாட்டு ரேட்டை எடுத்துவிட்டார்கள். அதில் ஏஜென்ட் 'டிஸ்கவுண்ட்' என்று சொன்னால் நம்பலாம். தேர்ட் பார்ட்டியில் டிஸ்கவுண்ட் தருகிறேன் என்கிறவர் தன் கமிஷனிலிருந்து தருகிறார், இல்லாவிட்டால் பாலிசியே போலி.

ஜூலை 7

இதைப் படித்த அயோத்தியாப்பட்டணம் தம்பி ஒருவர், சின்ன வண்டி வாங்கினால் குறையுமே என்கிறார். குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1000 சி.சி. வரை டாக்சிக்கு 6,040, பயணி ஒருவருக்கு 1,162. வரியோடு 12,612. மிச்சம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். சின்ன வண்டியில் ஏறினால் பயணியின் தலைக்கு 184 ரூபாய் கூடுதல் என்பது ஏன் என்று யாராவது விளக்கினால் டீ வாங்கித் தருகிறேன்.

ஜூலை 9

நியூஜெர்சி விஷயத்தைப் படித்துப் பார்த்தேன். டாலர் கதை உண்மைதான். 2003-ல் வந்த திட்டம். வருடத்துக்கு 365 டாலர், ஒரே தடவையாகக் கட்டினால் 360. மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவி பெறுகிறவர்களுக்கு மட்டும்.

ஆனால் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். விபத்தில் அடிபட்ட ஓட்டுநருக்கு அவசர சிகிச்சை. மூளையிலோ தண்டுவடத்திலோ பலத்த அடி என்றால் 2,50,000 டாலர் வரை. இறந்தால் குடும்பத்துக்கு 10,000 டாலர். அவர் இடித்த ஆளுக்கு ஒரு காசு கிடையாது, இடித்த வண்டிக்கும் கிடையாது.

நம்மூரில் அப்படியே தலைகீழ். வெறும் தேர்ட் பார்ட்டி போட்டால் எதிராளிக்கு எல்லாம் உண்டு. உயிர் போனாலும் காயம்பட்டாலும் உச்சவரம்பு இல்லை, கோர்ட் சொல்கிற தொகையைக் கம்பெனி கட்ட வேண்டும். பொருள் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை. ஓட்டுகிற நமக்கோ நம் வண்டிக்கோ அதில் ஒன்றும் இல்லை. ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் பி.ஏ. கவரை (தனிநபர் விபத்துக் கவர்) தனியாகப் போட வேண்டும்.

அப்படியானால் அந்த டாலர் பாலிசியை இங்கே கேட்கலாமா? ஏற்காட்டில் எஸ்டேட் வேலை முடிந்து சாயங்காலம் ரோட்டோரமாக வரிசையாக நடந்து போகிற பெண்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் ஆள் தெரியாது. நமக்கு மலிவாக வேண்டும் என்று அவர்களுக்குள்ள கவரை வெட்டினால் ஏழைக்கு உதவி செய்ததாக ஆகுமா?

ஜூலை 10

கலிபோர்னியாவை விட்டுவிட்டேனே என்று ஆத்தூர் அண்ணன். அங்கேயும் ஒன்று இருக்கிறது. 1999-ல் சட்டம் போட்டு லாஸ் ஏஞ்சலிஸ், சான்பிரான்சிஸ்கோ இரண்டு இடத்தில் ஆரம்பித்து, 2007-க்குள் மாநிலம் முழுக்கக் கொண்டு போனார்கள். வறுமைக்கோட்டுக்கு இரண்டரை மடங்கு வருமானம் வரை சேரலாம். எதிராளிக்கும் கவர் உண்டு, ஆனால் ஆளுக்கு 10,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 20,000, பொருளுக்கு 3,000. மற்றவர்களுக்கான குறைந்தபட்ச அளவை 2025 ஜனவரியில் 30,000, 60,000, 15,000 என்று உயர்த்தினார்கள். ஏழைகளுக்கான திட்டம் பழைய அளவிலேயே நிற்கிறது.

இரண்டு ஊரிலும் விலையைக் குறைக்கக் கவரைத்தான் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் வருமானத்தைப் பார்த்து ரேட் போடலாம் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான்.

இன்னொன்று. அங்கே பல மாநிலங்களில் கடன் கட்டிய சரித்திரத்தைப் பார்த்து கார் இன்சூரன்ஸ் ரேட் போடுவார்கள். கலிபோர்னியா அதை அனுமதிப்பதில்லை. நம் தேர்ட் பார்ட்டியில் சிபில் ஸ்கோர் பார்ப்பதில்லை, சேலத்தின் குகைப் பகுதியில் குடியிருக்கிறீர்களா, வசதியான ஃபேர்லேண்ட்ஸிலா என்றும் பார்ப்பதில்லை. இதை நாம் பாராட்டுவதே கிடையாது.

ஜூலை 20

மேனேஜர் ஐயாவுக்கு நாலாயிரம், நமக்குப் பதினாலாயிரம் என்பதில் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்த 978 எதற்கு என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறியது. சொந்தக் காருக்கு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால், உள்ளே உட்கார்ந்து வருகிறவருக்குக் கவர் இல்லை. சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. டாக்சியில் ஏறுகிறவருக்கு உண்டு. அதற்கான பணம்தான் அந்த நாலு பேர் கணக்கு.

மிச்சம் இருப்பது 7,940-க்கும் 3,416-க்கும் உள்ள இடைவெளி. டாக்சி அதிக கிலோமீட்டர் ஓடும், விபத்து வாய்ப்பு கூடும் என்பார்கள். சரி. ஆனால் எந்த டாக்சி? ஆப் வண்டி ராத்திரி பகலாக ஓடுகிறது. அடிவாரத்து ஸ்டாண்டில் மே மாதக் கோடை விழா முடிந்தால் வண்டிகள் வரிசையில் நின்று தூசி படிகின்றன. மழைக்காலத்தில் பாதி நாள் சும்மா. இரண்டுக்கும் ஒரே 7,940. ஓடுகிற தூரத்துக்கு ஏற்ற பாலிசிக்கு இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது, ஆனால் அது சொந்தச் சேதத்துக்கு மட்டும். தேர்ட் பார்ட்டிக்கு இல்லை. வருமானச் சான்றிதழ் கேட்பதைவிட கிலோமீட்டரைக் கேட்கலாம். தாசில்தார் ஆபீஸ் அலைச்சலாவது மிச்சம்.

ஜூலை 21

"மீட்டரைப் பின்னால் சுற்றிவிடுவார்களே?" ஆமாம், சுற்றுவார்கள். நம்மூரில் அதற்கும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகும்போதெல்லாம் ரீடிங்கைக் குறித்து வைத்தால் எத்தனை தடவை சுற்ற முடியும்?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சவாரி இல்லை, எல்லோரும் மேட்டூர் பக்கம் சொந்த வண்டியில் போய்விட்டார்கள். உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 13,985-ஐ 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 38 ரூபாய் சொச்சம். டாலர் இன்று 85 ரூபாய்க்கு மேல். டாலர் பாலிசியில் பாதி விலைக்கு எதிராளிக்கு வரம்பில்லாத கவர் தருகிறார்கள்! அமெரிக்காக்காரர் சம்பளமும் நம் சம்பளமும் ஒன்றா என்று கேட்பீர்கள், தெரியும். ஆனாலும் 38 ரூபாய் என்பது இரண்டு டீ, ஒரு வடை. எந்த டிரைவரும் அதைக் கட்ட முடியாது என்று சொல்ல மாட்டான்.

கட்ட முடியாதது 13,985-ஐ ஒரே நாளில். அதுவும் எஃப்.சி., டேக்ஸ், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் நெருக்கிக்கொண்டு வரும் மாதத்தில்.

எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் என்ன செய்கிறார் தெரியுமா? தண்டல் வாங்குகிறார். நோட்டில் பத்தாயிரம் என்று எழுதுவார்கள், எட்டாயிரத்து ஐநூறு கையில் வரும், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு பைக்கில் ஒரு பையன் வருவான். இன்ஜினை அணைக்க மாட்டான். அட்டையை நீட்டினால் தேதிக் கட்டத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து, நூறை வாங்கிச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். சவாரி வந்ததா என்று கேட்க மாட்டான். எங்கள் ஊரில் வண்டி இன்சூரன்ஸுக்கு உள்ள ஒரே தவணைத் திட்டம் இதுதான். எட்டாயிரத்து ஐநூறுக்கு ஆயிரத்து ஐநூறு வட்டி, மூன்று மாதச் சொச்சத்தில்.

ஆகவே ஓமலூர்காரரே, ரேட் அதிகம் என்பதைவிட மொத்தமாகக் கேட்பதுதான் நம்மை மாட்டிவிடுகிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்ட் 5

அம்மாப்பேட்டை அக்கா எழுதியது: அவர் வீட்டில் வண்டி இன்சூரன்ஸ் மகளிர் குழுக் கடனில் போகிறது. தறிக்கு என்று வாங்கி டாக்சிக்குக் கட்டுகிறார்களாம். குழுவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

ஆகஸ்ட் 14

கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் எழுத நேரமில்லாமல் போயிற்று. ஆனால் ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பிளேட் விஷயத்தைக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். "மஞ்சள் போர்டுக்கு இவ்வளவு என்றால் ஒயிட் போர்டிலேயே வாடகைக்கு ஓட்டிவிடலாமே?"

சீசனில் ஏற்காட்டுக்கு எத்தனை ஒயிட் போர்டு வண்டி வாடகைக்கு ஏறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் திட்ட நான் வரவில்லை, நானும் அதே வயிற்றுக்குத்தான் ஓட்டுகிறேன். என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டிப் பிடிபட்டால் 192ஏ பிரிவில் பத்தாயிரம். அது சின்ன விஷயம். விபத்து ஆனால் பாலிசியில் "வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று இருக்கிற வரியைக் கம்பெனி எடுத்துக் காட்டும். உங்கள் வண்டிக்குக் கிளெய்ம் வராது. ரோட்டில் அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும் என்று கோர்ட் சொல்லலாம். அப்புறம் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டுக் கேஸில் வந்த தொகைக்கு உங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடுவார்கள். உள்ளே உட்கார்ந்து வந்த குடும்பத்தின் கதி ஜூலை 20-ல் எழுதியதுதான்.

ஆனால் ஒன்று. ஒயிட் போர்டு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சங்கத்தில் பேசுகிறோமே, அதில் பாதிப் பேர் இந்தப் பத்தாயிரம் வித்தியாசத்தால்தான் அங்கே நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 15

லைசன்ஸ் பற்றி ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசன்ஸில் டாக்சி ஓட்டினால் கிளெய்ம் போய்விடும் என்று முன்பு கம்பெனிகள் வாதாடின. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்கு எல்.எம்.வி. லைசன்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பர் 6-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஏஜென்ட் பயமுறுத்தினால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 4

நேற்று ராத்திரி ஜி.எஸ்.டி. செய்தி. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு வரியே இல்லை. சரக்கு வண்டிகளின் தேர்ட் பார்ட்டிக்கு 12-லிருந்து 5 சதவீதம். டாக்சிக்கு? அதே 18.

சங்ககிரி மாமா போன் போட்டுச் சிரிக்கிறார். அவருக்கு லாரி. மாமா, உங்களுக்குக் குறைந்ததில் சந்தோஷம்தான், டீசலுக்கும் டோலுக்கும் நீங்கள் படுகிற பாடு தெரியும். ஆனால் சட்டம் போட்டுக் கட்டாயம் வாங்க வைக்கிற ஒரு பொருளுக்கு 18 சதவீத வரி என்பது எனக்கு விளங்கவே இல்லை. 5 சதவீதமாக்கினால் நம் 13,985 என்பது 12,445 ஆகும். ஆயிரத்து ஐநூறு மிச்சம், தண்டல்காரர் எடுக்கிற அதே தொகை.

செப்டம்பர் 28

"இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் ஃபைன் இரண்டாயிரம், இரண்டாம் தடவை நாலாயிரம். பதினாலாயிரம் கட்டுவதைவிட லாபம்." எழுதியவர் பெயர் போடவில்லை, நல்ல காரியம் செய்தார்.

கூட்டல் கழித்தல் சரிதான், அதுதான் பயமாக இருக்கிறது. ஃபைனைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்று சிலர். கூட்டினால் ஸ்டாண்டு வண்டிக்காரன் இன்னொரு தண்டல் வாங்குவான், அவ்வளவுதான் நடக்கும்.

எங்கள் தெருவில் ஒரு தறித் தொழிலாளி, சைக்கிளில் போகும்போது ஒரு பழைய கார் இடித்து இடுப்பெலும்பு போயிற்று. காருக்கு இன்சூரன்ஸ் முடிந்து பல மாதம். கார்க்காரர் கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வந்தார், இரண்டு தடவை பணம் கொடுத்தார், அப்புறம் அவரால் முடியவில்லை. கேஸ் ஜெயித்தது. ஜெயித்த தொகையைக் கட்ட அவரிடம் அந்தக் காரைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு வீடும் கஷ்டத்தில்தான் இருக்கின்றன. நேரில் பார்த்தால் ஃபைன் கணக்குப் போட மனசு வராது.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை. ஸ்டாண்டில் எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம், டயருக்கு எலுமிச்சம்பழம். ஒருவர் ஆர்.சி., பாலிசி எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கும்பிட்டார். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் அவர் வண்டி நம்பரை அடித்துப் பார்த்தேன். பாலிசி முடிந்து ஒன்பது நாள். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார். அம்மனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி லைசன்ஸ் இல்லை என்று சொன்னேன். அன்று மாலையே கட்டிவிட்டார், பொரிகடலையோடு ரசீதையும் காட்டினார்.

அக்டோபர் 11

குறைந்த வருமானக்காரருக்கு இன்சூரன்ஸ் நடத்த அரசாங்கத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் பேங்க் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் தானாக எடுத்துக்கொள்கிறது, விபத்தில் இறந்தால் 2 லட்சம். பேங்கில் ஒரு தடவை கையெழுத்து, அப்புறம் யாரும் அலைவதில்லை. இது நம் வண்டிக்கு உதவாது, ஆனால் வழி தெரிகிறது. வாரம் 270 ரூபாய் அல்லது மாதம் 1,170 ரூபாய் அதே மாதிரி கணக்கிலிருந்து போகட்டும்.

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. விபத்து நிவாரணம், பிள்ளைகள் படிப்புக்கு உதவி தருகிறது. பெண்களும் திருநங்கைகளும் ஆட்டோ வாங்க ஒரு லட்சம் மானியமும் உண்டு. வண்டி வாங்க உதவுகிறோம், வாங்கிய வண்டியை ரோட்டில் சட்டப்படி வைத்திருக்க உதவுவதில்லை. வாரியமே ரினியூவல் மாதத்தில் கம்பெனிக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு, உறுப்பினரிடம் மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாமே.

அக்டோபர் 12

ஆத்தூர் அண்ணன் சட்டப் புத்தகத்தோடு வந்துவிட்டார். 1938 இன்சூரன்ஸ் சட்டம் 64வி.பி. பிரிவு: பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி ரிஸ்க் எடுக்கக் கூடாது. தவணை கட்டாமல் விட்டால் நடுவில் அடிபட்டவன் கதி என்ன என்கிறார்.

நல்ல கேள்வி. அதனால்தான் இடையில் வாரியம் வேண்டும் என்கிறேன். கம்பெனிக்கு ஒரு வருடப் பணம் முழுதாகப் போய்விடும், கவர் நடுவில் அறாது. டிரைவர் தவணை தவறினால் அது வாரியத்துக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. மருத்துவ பாலிசிக்கு மாதத் தவணை வந்துவிட்டதே, இதற்கு மட்டும் ஏன் வரக் கூடாது? கடன் தவறினால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தண்டல்காரர்களுக்கு இருக்கிறது, அது வேண்டாம்.

நவம்பர் 2

சொந்தச் சேதத்தையும் சேர்த்து ஃபுல் இன்சூரன்ஸ் போட்டால் கவலை இல்லை என்று தம்பி எழுதியதற்கு. ஏற்காடு ரோட்டில் கொண்டை ஊசி வளைவு இருபது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது போர்டில் மட்டும்தான். மேலிருந்து இறங்கிய பஸ் அகலமாக வாங்கியது, நான் இடது பக்கச் சுவரோடு ஒட்டினேன். பம்பர் கிழிந்தது, ஃபாக் லேம்ப் போனது, ஃபெண்டரில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

பில் ஒன்பதாயிரத்துச் சொச்சம். பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் தருவார்கள், பெயின்ட் பொருளுக்கும் பாதி, அதற்கு மேல் கட்டாயப் பிடித்தம். நாலாயிரத்துக்குப் பக்கம் வரும் என்றார் சர்வேயர். ஆனால் கிளெய்ம் எடுத்தால் நாலு வருடம் சேர்த்த 45 சதவீத என்.சி.பி. (கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி) பூஜ்யம். அடுத்த வருடம் கூடுவதும் அதே நாலாயிரம். கையிலிருந்து போட்டுவிட்டு வந்தேன். எங்கள் மாதிரி ஆளுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் என்பது வண்டி பள்ளத்தில் விழுந்தால் மட்டும் உதவும் சமாச்சாரம். டியூ முடியாத வண்டிக்கு ஃபைனான்ஸ்காரர் விடமாட்டார், போட்டுத்தான் ஆக வேண்டும். டியூ முடிந்த பழைய வண்டி என்றால் யோசிக்கலாம்.

நவம்பர் 16

ஓமலூர்காரருக்கு டிசம்பரில் ரினியூவல். செலவைக் குறைக்க எதை வெட்டலாம் என்று கேட்கிறார். 15 லட்சம் பி.ஏ. கவரை வெட்ட வேண்டாம். வேறு இடத்தில் அதே அளவு பாலிசி இருந்தால் மட்டும் விடலாம். ஆக்டிங் டிரைவர் போடுகிறவர் என்றால் அவருக்கான 50 ரூபாய் கூடுதல் பிரீமியத்தை மறக்காதீர்கள், உங்கள் பி.ஏ. அவருக்குச் செல்லாது. வண்டி பழசு என்று தேர்ட் பார்ட்டி தர மறுத்தால், சர்வர் வேலை செய்யவில்லை என்று இழுத்தடித்தால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். தர மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

ஸ்டாண்டில் நாங்கள் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். நாளுக்கு 40 ரூபாய், ஒரு நோட்டு, யாருக்கு எந்த மாதம் ரினியூவலோ அந்த மாதம் எடுத்துக்கொள்வது. பணம் யார் கையில் இருப்பது என்பதில் இரண்டு வாரம் சண்டை. இப்போது மூன்று பேர் கையெழுத்தில் பேங்க் கணக்கு. ஓமலூரிலும் செய்து பாருங்கள், ஆனால் பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் ரினியூவல் ஜனவரியில் வருகிறது, அந்தப் பணம் நேரத்துக்கு வந்ததா என்று அப்போது எழுதுகிறேன்.